இடுப்பு உயரம் வரும்வரை

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், நான் சாமி சொத்தைத் திருடினேன். பெரிய சொத்து ஒன்றும் இல்லை. பதினொரு கடுக்காய். அதுவும் மரத்திலிருந்து பறித்ததல்ல, உதிர்ந்து கிடந்தது. குனிந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். கடுக்காயைக் கண்டால் எந்தத் தமிழ்ப் பொம்பளை குனியாமல் இருப்பாள்? காலையில் இஞ்சி, பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று கேட்டே வளர்ந்தவள் நான். கடையில் பூச்சி அரித்த கடுக்காயாக வாங்கி வாங்கி அலுத்துப்போயிருந்தேன். காட்டுத் தரையில் முத்தி உலர்ந்த காய்கள் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

என்னை அங்கே அழைத்துப்போனவள் என் தோழி. தபால் ஆபீசில் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் மகாதேவ் கோளி என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்தவள். பீமாசங்கர் பக்கம் மலைக்குள் அவள் ஊர். நான் அவளைத் தாயி என்பேன். மராத்தியில் தாயி என்றால் அக்கா. அவளோ என்னைத் தமிழில் அக்கா என்பாள். ஆக இருவருமே மற்றவள் தலையில் வயதை ஏற்றிவிட்டுச் சின்னவளாக இருந்துகொண்டோம். எங்கள் பேச்செல்லாம் மராத்தியில்தான். என் காதில் அது எப்படித் தமிழாக விழுந்ததோ அப்படியே இங்கே எழுதுகிறேன்.

அவள் ஊரில் ஒரு தேவ்ராய் இருக்கிறது. நம் பக்கத்துக் கோயில்காடு மாதிரி, சாமிக்கென்று விட்ட காடு. நெல் அறுத்து முடித்த பிறகு, தை மாதத்தில் ஒருநாள், அவர்கள் குடும்பம் புது அரிசியோடு உள்ளே போய்ப் பொங்கிப் படைத்துவிட்டு வரும். பூசை செய்பவர் அவளுடைய அண்ணன். உள்ளே இருந்து ஒரு சுள்ளிகூட வெளியே வரக்கூடாது என்று எல்லைக் கல்லருகே நின்று தாயி எனக்குச் சொல்லித்தான் அழைத்துப்போனாள். நானும் தலையை ஆட்டினேன். மரத்தை ஒடிக்கக்கூடாது, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டேன். விழுந்து கிடப்பதைப் பொறுக்குவதும் அதில் சேர்த்தி என்று புத்தியில் உறைக்கவில்லை.

அந்தக் காயின் அருமையும் எனக்குத் தெரியாது. கடுக்காய்க்கு அங்கே ஹிர்டா என்று பெயர். ஊரைச் சுற்றி ஹிர்டா மரங்கள் நிறைய உண்டு, இந்த மரம் இந்த வீட்டுக்கு என்று பாட்டன் காலத்துப் பாத்தியதையும் உண்டு. ஆனால் காய் பிஞ்சாக இருக்கும்போதே பறித்துக் காயப்போட்டுவிடுவார்கள். பிஞ்சுக்குத்தான் கிராக்கி. ஆகவே அந்த மரங்களுக்கு அடியில் முத்திய கொட்டை விழுவதும் இல்லை, கன்று முளைப்பதும் இல்லை. முத்திப் பழுத்துத் தானாக உதிரும் பாக்கியம் தேவ்ராயில் இருக்கும் மரங்களுக்கு மட்டும்தான். அங்கேயும் மிச்சம் இருந்தவை மூன்றே மரங்கள், மூன்றும் கிழடு. அந்த மூன்றின் அடியில்தான் நான் குனிந்தேன்.

நகரத்துக்குத் திரும்பி, நிக்டியில் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, நான்கு காய்களை அம்மிக்குழவியால் தட்டி, தோலை எடுத்துக்கொண்டு கொட்டையைக் குப்பையில் போட்டேன். சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்பார்களே, அந்த ஞானம். பொடியை ஒரு டப்பியில் போட்டு ஆபீசுக்கும் கொண்டுபோனேன். உங்கள் ஊர்க் கடுக்காய் என்ன வாசனை பார் என்று பெருமையாக அவள் கவுன்ட்டரில் வைத்தேன். முத்திரை குத்திக்கொண்டிருந்த அவள் கை நின்றது. எங்கே எடுத்தேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் டப்பியைத் தொடவே இல்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனுக்குப் போன் போட்டாள். யார் பார்த்தார்கள், எதற்குச் சொல்கிறாய் என்று நான் எவ்வளவோ தடுத்தேன். அவள் சொல்லிவிட்டாள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. இதை நான் குறித்துக்கொள்கிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்தது வேறு.

அவர்கள் குடும்பத்து வழக்கத்தில் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை. சாமி காட்டிலிருந்து போனது திரும்பி வரவேண்டும். காயாகத் திரும்பினால் போதாது, உடைத்தாயிற்று. அது அங்கேயே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதுவாகத் திரும்ப வேண்டும். அதாவது கன்றாக. அதுவரை, விருந்தாளியை அழைத்துக்கொண்டு வந்தவள் எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது. விருந்தாளிக்கு வழக்கம் தெரியாது, அதனால் அவளுக்குத் தண்டனை இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் வாயால்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

நான் பொறுமைசாலி அல்ல. கவுன்ட்டரில் மூன்று ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்து, நான்காவது ஆளைத் திட்டவும் நேரம் வைத்திருந்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமையே கடக்வாஸ்லா சாலையில் ஒரு நர்சரிக்குப் போய், முழங்கால் உயர ஹிர்டாக் கன்று ஒன்றை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு தாயி வீட்டுக்கே போனேன். விஷயம் முடிந்தது என்று நினைப்பு. அவள் கன்றைச் சுற்றி வந்து பார்த்தாள். நல்ல கன்று என்றாள். பிறகு, "இது வேற வீட்டுப் பொண்ணு அக்கா" என்றாள். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

மீதி ஏழு காய்கள்தான் கதி. அண்ணன் சொல்லியனுப்பினார்: சதையை அழுகவிட்டு எடு, கொட்டையைச் சாணிக் கரைசலில் ஊறவை, மண்ணில் போட்டதை மறந்துவிடு. முதல் இரண்டையும் செய்தேன். மறப்பது மட்டும் வரவில்லை. ஒரு கொட்டையைச் சீக்கிரம் முளைக்கட்டும் என்று சுத்தியலால் தட்டிப் பருப்பை நசுக்கினேன். இன்னும் இரண்டை வாரம் ஒருதரம் தோண்டிப் பார்த்தே கெடுத்தேன். இரண்டு அழுகிப்போயின. ஆனி மாதம், மழை நன்றாகப் பிடித்த பிறகு, மிச்சம் இரண்டும் முளைத்தன. கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பக்கத்து வீட்டு ரோஜாவுக்குப் போடும் உரத்தில் ஒரு சிட்டிகை போட்டேன். ஒன்று கருகியது. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. பதினொன்றில் ஒன்று தங்கியது.

அது எப்போது போதும் என்று கேட்டதற்கு அண்ணன் சொன்ன அளவு, தாயியின் இடுப்பு உயரம். தேவ்ராய்க்குள் யாரும் எதற்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது, களை பிடுங்கக் கூடாது, வேலி கட்டக் கூடாது. அங்கே வைத்துவிட்டால் அதற்கப்புறம் அது சாமி பாடு. ஒரு கோடையைத் தனியாகத் தாங்கவேண்டும், வழி தவறி வரும் மாடு ஒரே வாயில் முடித்துவிடாத உயரம் இருக்கவேண்டும்.

முதல் வருஷம் அது வளர்ந்தது ஒரு சாண். என் வீட்டுக்காரர் ஆயுதத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். தினம் காலையில் பேப்பரோடு கேலரிக்கு, அதாவது பால்கனிக்கு, வந்து தொட்டியைப் பார்ப்பார். "செடி வளக்கியா, குச்சி வளக்கியா?" என்பார். மாசி மாதம் அதன் இலை எல்லாம் கொட்டியது. செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்காக அழவில்லை. அந்தத் தையில்தான் தாயி முதல் முறையாகக் கல்லுக்கு வெளியே நின்றுவிட்டு வந்திருந்தாள். இப்போது மறுபடி கொட்டைக்கு எங்கே போவது? சித்திரையில் குச்சியின் நுனியில் ஒரு மொட்டு பிளந்தது. உள்ளே இருந்து செம்பட்டையாக, பட்டு மயிர் போர்த்திய இலை ஒன்று வந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் குச்சி என்று சொல்லவில்லை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில், அரிசி களைந்த நீரை அதற்கென்று எடுத்து வைக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு வைகாசியும், மழைக்கு முன்னால், தாயி அளவெடுக்க வருவாள். டேப் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிப் பக்கத்தில் நிற்பாள். தொட்டியின் உயரத்தைக் கழிக்க, தானும் ஒரு செங்கல் அடுக்கின்மேல் ஏறிக்கொள்வாள். கணுக்கால் வந்தது. கெண்டைக்கால் வந்தது. மூன்றாவது வருஷம் முட்டிக்கு வந்தது. இடையில் நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றோம். அவள் ஊருக்கே போய்விட்டாள். அதன்பிறகு வைகாசியில் ஒருதரம் எஸ்டி என்கிற அரசு பஸ்ஸில் ஐந்து மணிநேரம் உட்கார்ந்து வந்து, இரண்டு நாள் தங்கி, அளந்துவிட்டுப் போவாள். ஒருமுறைகூட, சீக்கிரம் வளர்க்கக் கூடாதா என்று கேட்டதில்லை. தையில் வெளியே நிற்பதைப் பற்றி அவளாக எடுத்ததும் இல்லை. நான் கேட்டால், குளிர் அதிகமாக இருந்தது என்று மட்டும் சொல்வாள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் செடிமேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. கடனுக்கு வளர்த்த பிள்ளை மாதிரி ஆரம்பித்தது, எப்போது என் பிள்ளை ஆனது என்று தெரியவில்லை. என் மகள் வாகட்டில் இருக்கிறாள், இருபது நிமிஷத் தூரம், மாதம் ஒருமுறை வருகிறாள். செடி கேலரியில் இருந்தது. காலையில் எழுந்ததும் அதன் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பேன். காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சின்ன முடிச்சு இருக்கும், அதைத் தடவிப் பார்ப்பேன். ஒரு வருஷத்தில் ஒன்பதோ பத்தோ இலை விடும். ஒவ்வொன்றும் வந்த தேதி எனக்குத் தெரியும். அது போய்விடும் என்பதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஆறாவது வைகாசியில் தாயியால் வர முடியவில்லை. சித்திரையில் அவளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன். போனில் கேட்டாள்.

"இடுப்பு வந்துடுச்சா அக்கா?"

வந்திருந்தது. அவள் இடுப்பு எந்த உயரம் என்று கேலரிச் சுவரில் பென்சிலால் நானே கோடு போட்டு வைத்திருந்தேன். நுனி இலை கோட்டைத் தொட்டிருந்தது. போன் காதில் இருக்க, நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"இன்னும் ரெண்டு விரல் வேணும் தாயி" என்றேன்.

பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அவள் குரலில் எதுவும் மாறவில்லை. நான் போனை வைத்துவிட்டுச் செடியிடம் போனேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு வருஷம். பன்னிரண்டு மாதம். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அந்தத் தையில் தாயி கூப்பிட்டாள். ஆபரேஷன் ஆன காலோடு எல்லைக் கல் வரை போகப் பயமாக இருக்கிறது, பிடித்துக்கொள்ள நீ வருகிறாயா என்று கேட்டாள். வேறு யாரையும் கேட்காமல் என்னைக் கேட்டாள். போனேன். காலை நேரம், வயலெல்லாம் அறுத்த தாளும் பனியும். அவள் அண்ணன், அண்ணி, தங்கைகள், அவர்கள் மருமகள்கள் எல்லோரும் பானையும் அரிசியுமாகக் கல்லைத் தாண்டி உள்ளே போனார்கள். போகும்போது ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கூப்பிடத் தோன்றும் என்பதால் இருக்கலாம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சாமி நிற்கும்போது உட்காரக் கூடாதாம்.

மரங்களுக்கு நடுவே ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்: இப்போது பெருக்குகிறார்கள். இப்போது அடுப்புக்குக் கல் வைக்கிறார்கள். அண்ணி அரிசியை இடப்பக்கம் நின்று போடுவாள், நான்தான் வலப்பக்கம் நின்று போடுவேன், இப்போது தங்கை போடுவாள். புகை மேலே வந்தபோது கண்ணைத் திறந்தாள். அவள் வலது கால் வெடவெட என்று நடுங்கிக்கொண்டிருந்தது. என் தோளில் இருந்த அவள் கையின் கனத்தை என்னால் தாங்க முடியவில்லை. இது என் ஒரு வார்த்தைக்கு அவள் நிற்கும் நிற்பு. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். உள்ளே மணி அடித்தது. அவள் கும்பிட்டாள். நான் சொல்லவில்லை.

ஏழாவது வைகாசியில் அவள் நிக்டிக்கு வந்தாள். செங்கல்மேல் ஏறவில்லை, முட்டி மடங்காது. தொட்டி அருகே வந்து நின்றாள். கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறியிருந்தது செடி. ஐந்து வருஷம் அளந்தவள் அவள். அது வருஷத்துக்கு எவ்வளவு வளரும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கையைச் சுவரில் இருந்த கோட்டில் வைத்தாள், இன்னொரு கையை நுனி இலையில் வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டீ போடேன் என்றாள். நான் சமையலறைக்குப் போய், பால் பொங்கி வழியும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் மழை விழுந்து மண் இளகிய பிறகு எடுத்துப்போனோம். ஜீப்பின் பின்சீட்டில் செடி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. ஓட்டியவர் பிரேக் போடும்போதெல்லாம் நானும் அவளும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்தோம். எல்லைக் கல்லருகே அண்ணன் கடப்பாரையோடு காத்திருந்தார். தொட்டியை உடைத்தார். வேரைச் சுற்றி என் வீட்டு மண் உருண்டையாக நின்றது. அவர் முன்னால் போனார். தாயி செடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள வா அக்கா. நீ வளத்தது. வெக்கிறப்ப நீ இருக்கணும்."

எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? நினைக்கக் கூடாது என்று இருந்தும், ஏழு வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தைத்தான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். குழிக்குள் அதை இறக்குவது, என் கையால் மண் தள்ளுவது. கால் தானாக எழுந்தது. இறக்கிவிட்டேன்.

"தாயி, போன வருஷமே வந்துடுச்சு. உங்கிட்ட பொய் சொன்னேன்."

மழை சின்னதாகத் தூறிக்கொண்டிருந்தது. அவள் செடியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்று சொல்வாள், போனால் போகிறது வா என்று சொல்வாள், என் மனசு இரண்டுக்கும் தயாராக இருந்தது. உண்மையைச் சொன்னால், இரண்டாவதற்குத்தான் ஏங்கியது.

"அப்ப நீ ஒரு வருஷம் இங்க நில்லு" என்றாள்.

அதில் கோபம் இல்லை. திரும்பிக் கல்லைத் தாண்டினாள். தாண்டும்போது ஒரு நொடி கால் தயங்கியது. முட்டி வலியா, ஏழு வருஷமா, நான் அறியேன். அவள் தோளுக்கு மேலே நுனி இலைகள் ஆடி ஆடிப் போயின. மூன்றாவது மரத்தைத் தாண்டியதும் எது என் செடியின் இலை, எது காட்டின் இலை என்று தெரியாமல் போயிற்று. கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ரொம்ப நேரம் கழித்துத்தான் அவள் வந்தாள். முகம் கழுவின மாதிரி இருந்தது, கையெல்லாம் சேறு. எங்கே வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் உரிமை வரவில்லை என்று தெரிந்தது.

இந்தத் தையில் அவள் குடும்பத்தோடு உள்ளே போய் வலப்பக்கம் நின்று அரிசி போட்டாள். நான் வெளியே நின்றேன். அவள் வெளியே வந்ததும் அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். இலை கொட்டியிருக்கிறதா, மாடு கடித்திருக்கிறதா, நிற்கிறதா. ஒன்றும் தெரியவில்லை. சூடான சோற்றை இலையில் வைத்து என் கையில் கொடுத்து, "மழை வரட்டும் அக்கா, நீயே பாரு" என்றாள்.

இப்போது வைகாசி நடக்கிறது. இந்த வருஷம் வெயில் மோசம், நிக்டியிலேயே வேப்பமரம் வாடுகிறது. அங்கே யாரும் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். தாயி வாரம் இருமுறை போன் செய்கிறாள். முட்டியைப் பற்றிச் சொல்கிறாள், அண்ணன் மகளின் கல்யாணப் பேச்சைச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும், உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. நான் கேட்பதில்லை, அவள் சொல்வதில்லை. எனக்கு அந்தச் செடியைப் பார்க்கவேண்டும்.